சோக் செயினா, பிஸ்கட்டா, கிளிக்கரா? – நாய்ப் பயிற்சி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் நாய்க்குட்டிக்கு நான்கு மாதம். ஒரு பயிற்சியாளர், சோக் செயின் (இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி) போட்டால்தான் நாய் சொன்னபடி கேட்கும் என்கிறார். இன்னொருவர் பிஸ்கட் கொடுத்துப் பழக்கச் சொல்கிறார். மூன்றாமவர் கிளிக்கர் வாங்கச் சொல்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: கடைசி இரண்டும் ஒரே முறைதான். கிளிக்கர் என்பது அழுத்தினால் ‘டிக்’ என்று ஒலிக்கும் சின்னக் கருவி. ‘இப்போது செய்தாயே, அதுதான் சரி’ என்று அந்த நொடியிலேயே நாய்க்குத் தெரிவிப்பதுதான் அதன் வேலை. சத்தத்துக்குப் பிறகு தீனி வந்தே ஆகவேண்டும். ஆக, உங்கள் முன்னால் இருப்பவை இரண்டே வழிகள்: சரியாகச் செய்தால் நல்லது கிடைக்கும் என்று கற்பிப்பது, தவறினால் வலிக்கும் என்று கற்பிப்பது.

முதல் வழியையே எடுங்கள். இரக்கம் மட்டும் காரணமல்ல. கழுத்தைச் சுண்டும்போது நாய் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ, அதோடு வலியை முடிச்சுப் போட்டுவிடும். எதிரே ஒரு குழந்தை வருகிறது, குட்டி ஆசையாகப் பாய்கிறது, நீங்கள் சங்கிலியைச் சுண்டுகிறீர்கள். இதே சில முறை நடந்தால், ‘பாயக்கூடாது’ என்பதற்குப் பதில் ‘குழந்தை வந்தால் வலிக்கும்’ என்று குட்டி கற்றுக்கொள்ளக்கூடும். பிற்பாடு குழந்தைகளைக் கண்டாலே உறுமும்போது ‘நல்லாத்தானே இருந்தது’ என்று நாம் விழிப்போம். தீனியில் நேரம் தப்பினால் ஒரு துண்டு பிஸ்கட் வீண், அவ்வளவுதான். இரண்டு முறையிலும் தவறுகள் நடக்கும். எந்தத் தவறுக்கு விலை குறைவு என்று பாருங்கள்.

‘நாய் ஓநாய் வம்சம், நீங்கள்தான் தலைவன் என்று காட்ட வேண்டும்’ என்று யாராவது சொன்னால், அது பழைய கதை. அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் எழுதிய ஆய்விலிருந்து கிளம்பிய எண்ணம் அது. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், குட்டிகள் கொண்ட குடும்பம்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999இல் விளக்கிவிட்டார். விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமும் 2021இல், கடிக்க வரும் நாய்கள் உட்பட எல்லா நாய்களுக்கும் வெகுமதி முறையையே பரிந்துரைத்தது.

பயிற்சியாளரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: என் நாய் சரியாகச் செய்தால் அதற்கு என்ன கிடைக்கும்? தவறினால் என்ன நடக்கும்? இரண்டாவதற்கு ‘சின்னத் திருத்தம்’ என்று மழுப்பினால், அது கையில் எப்படி இருக்கும் என்று செய்துகாட்டச் சொல்லுங்கள். உங்கள் நாயைக் கூட்டிப் போகாமல் ஒரு வகுப்பை முழுசாகப் பாருங்கள். அங்குள்ள நாய்கள் வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு, காதைப் பின்னால் ஒட்டவைத்து, அடிக்கடி உதட்டை நக்கிக்கொண்டிருந்தால் அந்த இடம் வேண்டாம். அவை ‘அடங்கி’ இருப்பது பயத்தால்.

கிளிக்கர் கட்டாயமில்லை. ‘எஸ்’ என்ற ஒரு சொல்லே போதும். எப்போதும் ஒரே தொனியில் சொல்லுங்கள். ‘சரி’ வேண்டாம், வீட்டில் ஆளாளுக்கு நாள் முழுக்கச் சொல்கிற சொல் அது. எதை எடுத்தாலும் முதலில் சத்தம், உடனே தீனி என்று பத்துப் பதினைந்து முறை கொடுத்துப் பொருத்திவிடுங்கள். சத்தம் வருவதற்கு முன்பே கை தீனிப் பைக்குப் போவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. அப்புறம் நாய் உங்கள் கையைத்தான் கவனிக்கும், சத்தத்தை அல்ல.

கேள்வி: கையில் தீனி இருந்தால் உட்காருகிறது. இல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. லஞ்சம் கொடுத்துக் கெடுத்துவிட்டோமா?

பதில்: கெடவில்லை, பாதியில் நிற்கிறது. தீனியைக் காட்டி நாயை உட்காரவைப்பது ஆரம்பத்துக்கு மட்டும்தான். மூக்கருகே தீனியைப் பிடித்து, தலைக்கு மேலாகப் பின்னோக்கி நகர்த்தினால் பின்பக்கம் தானாகத் தரையில் படியும். இப்படி ஐந்தாறு முறை போதும். அடுத்த முறை அதே கையசைவு, ஆனால் வெறும் கை. உட்கார்ந்ததும் ‘எஸ்’, தீனி மறுகையிலிருந்தோ மேசை மேலிருந்தோ வரட்டும். தீனி கண்ணில் படாவிட்டாலும் கிடைக்கும் என்பதை நாய் இங்கேதான் கற்கிறது. இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள்.

வெறும் கைக்குப் பழகிய பிறகு சொல்லைச் சேருங்கள். முதலில் ‘உட்கார்’, ஒரு நொடி கழித்துக் கையசைவு. இரண்டையும் சேர்த்துச் செய்தால் நாய் கையை மட்டும் பார்க்கும், சொல் காதில் ஏறாது. ஒரே முறை சொல்லுங்கள். ‘உட்கார், உட்கார், உட்கார்ரா’ என்றால் மூன்றாவதற்குத்தான் உட்கார வேண்டும் போல என்று அது புரிந்துகொள்ளும்.

ஐந்தில் நான்கு முறை சரியாக வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். இரண்டோ அதற்கும் குறைவோ என்றால் ஒரு படி இறங்குங்கள். நன்றாகப் பதிந்த பிறகு இரண்டு முறைக்கு ஒன்று, மூன்று முறைக்கு ஒன்று என்று தீனியைக் குறையுங்கள், ஆனால் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். துண்டு பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். ஒரு நாளின் மொத்த உணவில் தீனி பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும், அல்லது தட்டில் போடும் உணவிலிருந்தே எடுத்துக் கொடுங்கள். ஒரு தடவைக்கு மூன்றிலிருந்து ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை போதும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் கலந்தது எதுவும் கூடாது. நாய்க்கு அவை நஞ்சு.

கேள்வி: வீட்டுக்குள் ‘வா’ என்றால் ஓடிவரும் நாய், மைதானத்தில் திரும்பியே பார்ப்பதில்லை. வந்தபோது திட்டியும் பயனில்லை.

பதில்: வந்த பிறகு திட்டினால், வந்ததற்குத்தான் திட்டு என்று அது எடுத்துக்கொள்ளும். குளிப்பாட்டவும், கட்டிப்போடவும், விளையாட்டை முடிக்கவும் மட்டுமே ‘வா’ சொன்னாலும் இதே விளைவு. கெட்டுப்போன அந்தச் சொல்லை விட்டுவிட்டு ‘இங்கே’ என்றோ, ஒரு விசிலோ புதிதாகத் தொடங்குங்கள்.

5 முதல் 10 மீட்டர் நீளக் கயிறு வாங்குங்கள். அதைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல் ஹார்னெஸின் (மார்பைச் சுற்றிப் போடும் பட்டை) முதுகு வளையத்தில் மாட்டுங்கள், முழு ஓட்டத்தில் கயிறு தீர்ந்தால் கழுத்து தாங்காது. வீட்டுக்குள், பிறகு வாசலில், பிறகு ஆளில்லாத மைதானத்தில், கடைசியாகப் பிற நாய்கள் இருக்கும் இடத்தில். இடம் மாறும்போதெல்லாம் தூரத்தை இரண்டு மீட்டருக்குக் குறைத்துத் தொடங்குங்கள். வந்தால் வேகவைத்த கோழித் துண்டு போல வேறெதற்கும் கொடுக்காத ஒன்றைக் கொடுங்கள். கழுத்துப்பட்டையைத் தொட்டுவிட்டு, பத்தில் ஒன்பது முறை ‘போய் விளையாடு’ என்று திரும்ப அனுப்பிவிடுங்கள். வராது என்று தெரிந்தால் கூப்பிடவே வேண்டாம், நடந்து போய்ப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏழு வயது நாய்க்கு இனிமேல் பயிற்சி ஏறுமா?

பதில்: ஏறும். பழைய பழக்கத்தை மாற்றக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும். உட்காரத் தயங்கினால் பிடிவாதம் என்று முடிவுகட்டும் முன் இடுப்பு, முழங்கால் வலி இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறது. அதட்டி அடக்கலாமா?

பதில்: வேண்டாம். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதட்டி அதை நிறுத்தினால் பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். அடுத்தமுறை நேராகக் கடி. நாய் நிமிர்ந்து பார்க்காமல் நிம்மதியாகச் சாப்பிடும் தூரத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்தே அதன் தட்டில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டை எறிந்துவிட்டு விலகிப் போங்கள். உங்களைக் கண்டதும் வாலாட்டி எதிர்பார்க்கத் தொடங்கிய பிறகு அரை அடி நெருங்கலாம். உடம்பு விறைத்தாலோ, அவசரமாக விழுங்கத் தொடங்கினாலோ பழைய தூரத்துக்கே திரும்புங்கள். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால், அது சாப்பிடும் அறைக்கதவைச் சாத்திவிடுங்கள். ஏற்கெனவே கடித்திருந்தால் இதை நீங்களே முயலாமல் நடத்தைச் சிகிச்சை தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போங்கள்.