வென்டிலேட்டரில் இருக்கும் அப்பாவுக்கு நிமோனியா எப்படி வந்தது?

கேள்வி: எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறை. பக்கவாதம் வந்த அப்பாவை (67 வயது) பாலக்காட்டில் ஐசியுவில் சேர்த்தோம், வென்டிலேட்டரில் இருக்கிறார். ஆறாம் நாள் நிமோனியா என்கிறார்கள். நாற்பது வருடம் பீடி குடித்தவர். மெஷின் காற்றில் கிருமி வந்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் கிருமி வருவது நோயாளியின் வாய், தொண்டையிலிருந்துதான். தொண்டை வழியாக மூச்சுக்குழாய்க்குள் போகும் வென்டிலேட்டர் டியூப்பின் நுனிக்குச் சற்று மேலே ஒரு சின்ன பலூன் இருக்கும். இறங்கும் எச்சில் அதன் மேல் குட்டைபோலத் தேங்கும். பலூன் எவ்வளவு உப்பியிருந்தாலும் ஓரத்தில் கொஞ்சம் நுரையீரலுக்குள் கசியும். நமக்கென்றால் இருமல் வந்து வெளியே தள்ளிவிடும். மயக்க மருந்தில் இருப்பவருக்கு அந்த இருமல் இல்லை. டியூப் போட்டு 48 மணி நேரத்துக்குப் பிறகு வரும் நிமோனியாவுக்கு முக்கியக் காரணம் இதுதான்.

உங்கள் அப்பாவுக்கு ஆபத்து பல பக்கமும் இருந்திருக்கிறது. வயது, பீடியால் கெட்ட நுரையீரல், நினைவைக் குறைத்த பக்கவாதம். விழுந்த அன்றே எச்சிலோ வாந்தியோ உள்ளே போயிருக்கவும் கூடும். மட்டமாகப் படுக்கவைப்பது, எடுத்த டியூப்பைத் திரும்பப் போடுவது, முன்பே ஆன்டிபயாடிக் ஓடியிருப்பது, இவையும் ஆபத்தைக் கூட்டும். வென்டிலேட்டரில் நாள் கூடக்கூட மொத்த ஆபத்தும் ஏறும். ஆகவே நிமோனியா வந்ததாலேயே யாரோ கவனக்குறைவாக இருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது.

இனி பார்க்கப் போகும்போது கட்டிலின் தலைப்பக்கத்தைக் கவனியுங்கள். டாக்டர் வேறு மாதிரி சொல்லாதவரை 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். வாயைத் தினமும் பிரஷ் செய்து சுத்தம் பண்ணுகிறார்களா, மயக்க மருந்தைக் குறைத்துப் பார்க்கிறார்களா, தானாக மூச்சு விடுகிறாரா என்று சோதிக்கிறார்களா என்று கேளுங்கள். தமிழோ மலையாளமோ, கூச்சப்படாமல் கேட்கலாம். கையைக் கழுவிவிட்டே அப்பாவைத் தொடுங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பழனித் தீர்த்தத்தைப் பஞ்சில் நனைத்து உதட்டில் வைப்பவர்களை ஐசியுவில் அடிக்கடி பார்க்கிறேன். அந்தச் சொட்டும் பலூன் மேல்தான் போய்த் தேங்கும். நெற்றியில் தொட்டு வையுங்கள், அது போதும்.

அப்புறம், சளியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையின் முடிவு வர 2, 3 நாள் ஆகும். அதைப் பார்த்து மருந்தை மாற்றினால் பதறாதீர்கள். எந்தக் கிருமி என்று தெரிந்து மாற்றுகிறார்கள்.