புதுப் பிஸ்டல் மக்கர் செய்கிறதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: லைசென்ஸ் வாங்கி, காசு கட்டி, காத்திருந்து வாங்கிய புதுப் பிஸ்டலில் தோட்டா ஒழுங்காக ஏறவில்லை. ஆயுதப்படை ஆர்மரியில் (ஆயுதக்கிடங்கில்) இருபத்தாறு வருஷம் பிரித்துப் பூட்டியவன் நான். தோட்டா ஏறாத பிஸ்டல் கைக்கு வந்தால் முதலில் தோட்டா அடுக்கும் மேகசினைப் பார்ப்பேன், அடுத்து தோட்டாவை, அடுத்து பிடிக்கிற கையை. பிஸ்டலின் முறை கடைசியில்தான் வரும்.

கீழே சொல்லும் எதைச் செய்வதானாலும் முதலில் மேகசினைக் கழற்றுங்கள். பிறகு ஸ்லைடை (முன்பின் ஓடும் மேல்பாகத்தை) இழுத்துப் பூட்டி, சேம்பரை (சுடும்போது தோட்டா உட்காரும் குழியை) கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். இந்த வரிசை மாறவே கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்துவிட்டால் அடுத்த ரவுண்டு, அதாவது தோட்டா, சேம்பருக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

கேள்வி: ஐயா, தெற்காவணி மூல வீதியில் நகைக்கடை வைத்திருக்கிறேன். போன மாதம்தான் .32 பிஸ்டல் கைக்கு வந்தது. ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) 20 ரவுண்டு சுட்டதில் 5 தடவை சிக்கிக்கொண்டது. "புதுசு அப்படித்தான், இருநூறு ரவுண்டு சுட்டா தானா சரியாப் போயிரும்" என்கிறார்கள். இருநூறு ரவுண்டுக்கு நான் எங்கே போவேன்?

பதில்: அந்த இருநூறு ரவுண்டுக் கணக்கு, கடையில் பெட்டி பெட்டியாகத் தோட்டா வாங்கும் நாடுகளிலிருந்து வந்தது. நம்மிடம் லைசென்சில் எழுதிக்கொடுத்த எண்ணிக்கைதான் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு ரவுண்டிலிருந்தும் ஏதாவது ஒன்றைத் தெரிந்துகொள்ளும்படி சுட வேண்டும்.

சுடுவதற்கு முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும் பிஸ்டலில் துரு பிடிக்காமலிருக்கக் கெட்டியான கிரீஸ் தடவியிருப்பார்கள். அது சுடுவதற்கான எண்ணெய் இல்லை. ஸ்லைடைக் கழற்றி அந்தக் கிரீஸ் முழுவதையும் துடைத்தெடுங்கள். சேம்பருக்குள்ளும், சுட்ட தோட்டாவை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியிலும் விடாமல் பாருங்கள். பிறகு ஸ்லைடு ஓடும் தண்டவாளத்தில் மட்டும் பக்கத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய். மேகசினுக்குள் எண்ணெய் கூடாது, சேம்பரிலும் கூடாது. அங்கே எண்ணெய் இருந்தால் தூசு ஒட்டும். தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் பிரைமருக்குள் கசிந்தால் அது வெடிக்காமலே போகும்.

அடுத்து, இரண்டு மேகசின் இருந்தால் அடியில் பெயிண்ட்டால் 1, 2 என்று எழுதுங்கள். ஒரு சின்ன நோட்டு வையுங்கள். சிக்கும்போது எந்த மேகசின், எத்தனையாவது ரவுண்டு, எப்படிச் சிக்கியது என்று எழுதுங்கள். "ஜாம் ஆயிருச்சு" என்று மட்டும் எழுதினால் எனக்கோ டீலருக்கோ ஒன்றும் புரியாது. குண்டின் (தோட்டாவின் முனையில் இருந்து பறந்துபோகும் பகுதியின்) மூக்கு, சேம்பர் வாய்க்கு ஏற்றிவிடும் சரிவில் முட்டி நிற்பது ஒரு வகை. பெரும்பாலும் மேகசின் சரியாகப் பூட்டாமலிருக்கும், அல்லது அதன் ஸ்பிரிங் தோட்டாவை நேரத்துக்கு மேலே தூக்கியிருக்காது. மூக்கு வானத்தைப் பார்த்து நின்றால் மேகசின் உதடுகளை (தோட்டாவைப் பிடித்துவைக்கும் மேல் ஓரங்களை) சந்தேகிக்கலாம். ஸ்லைடு கிட்டத்தட்ட மூடி, கடைசி இரண்டு மில்லிமீட்டரில் நின்றால் சேம்பரில் அழுக்கோ பழைய கிரீஸோ இருக்கும், அல்லது அந்தத் தோட்டாவே அளவு தப்பியிருக்கும். காலிக் கேஸ் (சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூடு) சேம்பரிலேயே இருக்க, அதன் முதுகில் புதுத் தோட்டா வந்து முட்டுவது வேறு கதை. அங்கே ஏற்றுவதில் கோளாறு இல்லை, பழையதை வெளியே இழுப்பதில்தான் கோளாறு. எக்ஸ்ட்ராக்டரைப் பார்க்க வேண்டும்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மேகசினையும் தோட்டாவையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டுச் சரியாகிவிட்டது என்றால், எதனால் சரியானது என்று தெரியாது. பத்து ரவுண்டு வீணானதுதான் மிச்சம்.

கேள்வி: திருமங்கலம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறேன். முதல் ரவுண்டு மட்டும் ஏற மாட்டேன் என்கிறது. அது ஏறிவிட்டால் மிச்சமெல்லாம் கடகடவென்று ஓடுகிறது.

பதில்: ஸ்லைடைப் பின்னால் இழுத்த பிறகு, கையை எடுக்காமல் மெதுவாக முன்னால் கொண்டுபோய் விடுகிறீர்கள். புதுப் பொருள், அடிபடக் கூடாது என்ற அக்கறையில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஸ்பிரிங்கின் முழு வேகம் இருந்தால்தான் தோட்டா மேகசினைவிட்டு வெளியேறிச் சரிவில் ஏறும். கடைசிவரை இழுங்கள், சட்டென்று விட்டுவிடுங்கள். மேகசினைச் செருகும்போது உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுங்கள். முழுதாக நிரப்பிய புது மேகசின் ஸ்பிரிங் விறைப்பாக இருப்பதால், அரைகுறையாகப் பூட்டியும் பூட்டியதுபோலத் தோன்றும்.

தோட்டத்திலேயே சோதித்துப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாகச் சுட்டாலே இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. சுடுவதை ரேஞ்சில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் முன்னாள் ராணுவத்தான், உசிலம்பட்டி. சர்வீஸில் 9 மி.மீ. பிஸ்டலில் இந்தப் பிரச்சினையைப் பார்த்ததே இல்லை. என் .32 மேகசினில் மூன்றாவது தோட்டா அப்படியே இறுகி நிற்கிறது. விரலால் அழுத்தினாலும் இறங்கவில்லை, மேலேயும் வரவில்லை. வேறு ரகத் தோட்டா, மூக்கில் குழி உள்ளது, போட்ட அன்றைக்குத்தான் இப்படி.

பதில்: கடைசி வரியில் விடையையே எழுதிவிட்டீர்கள். நீங்கள் ராணுவத்தில் பழகிய 1ஏ பிஸ்டலின் 9 மி.மீ. தோட்டாவுக்கு அடியில் துருத்தும் விளிம்பு கிடையாது. .32 தோட்டா அதற்கும் முந்தியது. ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1899-ல் பெல்ஜியத்தில் அவருடைய பிஸ்டலோடு வந்தது. அதன் அடிவிளிம்பு உடம்பைவிடக் கொஞ்சம் அகலம். உடம்பு சுமார் 8.5 மி.மீ. என்றால் விளிம்பு 9.1. அந்த அரை மில்லிமீட்டர்தான் வம்பு செய்கிறது.

மேகசினில் ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் அதற்குக் கீழேயுள்ள தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். மேலேயுள்ளதன் விளிம்பு பின்னால் நழுவி விழுந்துவிட்டால், அது முன்னால் போகும்போது கீழ் விளிம்பில் கொக்கி போட்டுக்கொள்ளும். எவ்வளவு வலுவான ஸ்பிரிங்காலும் அதை விடுவிக்க முடியாது. முழுச் செம்புறை போட்ட வழக்கமான தோட்டா ஏறக்குறைய 25 மி.மீ. நீளம், மேகசினுக்குள் முன்பின் நழுவ அதற்கு இடமிருக்காது. மூக்குக் குழித்த ரகம் அதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் வரை குட்டை. அந்த இடைவெளியில், சட்டைக்குள் வைத்து நடக்கிற குலுக்கலிலேகூட விளிம்பு தாண்டிவிடும்.

இந்த ரகத்தை ஒதுக்கிவிட்டு, உங்கள் பிஸ்டலின் கையேட்டில் சொன்ன ரகத்துக்கே திரும்புங்கள். இறுகி நிற்கும் மேகசினைப் பிஸ்டலைவிட்டு வெளியே எடுத்து, கீழ்த் தோட்டாவை மூங்கில் குச்சியால் அழுத்திப்பிடித்து மேலேயுள்ளதை முன்னால் நகர்த்துங்கள். ஸ்குரூடிரைவர் வேண்டாம், பிரைமர் பக்கம் எதையும் கொண்டுபோக வேண்டாம். வரவில்லையென்றால் அப்படியே டீலரிடம் கொடுங்கள்.

கேள்வி: தனியாகக் கிளினிக் நடத்தும் மருத்துவர் நான். இரண்டு கையால் பிடித்தால் பிஸ்டல் நன்றாக ஓடுகிறது. ஒரு கையால் சுடும்போது காலிக் கேஸ் ஸ்லைடு வாயில் செங்குத்தாக, புகைபோக்கி மாதிரி நிற்கிறது. பிஸ்டலை மாற்றச் சொல்லலாமா?

பதில்: மாற்ற வேண்டாம் அம்மா. இரண்டு கையில் ஓடுகிறது என்பதே பிஸ்டல் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று. .32 பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றில் பேரலையும் (குழலையும்) ஸ்லைடையும் பூட்டிவைக்க எதுவும் கிடையாது. வெடித்த வேகத்தில் காலிக் கேஸே ஸ்லைடைப் பின்னால் தள்ளும். ஸ்லைடின் எடையும் அதை முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கும் மட்டும்தான் அதைத் தடுத்து நிறுத்தும். பிடி ஆடாமல் நின்றால்தான் ஸ்லைடு கடைசிவரை பின்னால் போகும். மணிக்கட்டு தளர்ந்து பிஸ்டல் முழுவதும் பின்னால் சாய்ந்தால், ஸ்லைடுக்குக் கிடைக்க வேண்டிய வேகத்தில் ஒரு பங்கு உங்கள் கைக்குள் போய்விடும். கேஸ் வெளியே பறப்பதற்குள் ஸ்லைடு திரும்பி வந்து கடித்துக்கொள்ளும்.

மணிக்கட்டையும் முன்கையையும் ஒரே கோட்டில் இறுக்கி வையுங்கள். விரல்களைக் கசக்க வேண்டியதில்லை. ஒரு கையால் பிடிக்கும்போது கட்டைவிரல் மேலேறி ஸ்லைடின் பக்கத்தில் உரசுகிறதா என்றும் பாருங்கள். லேசான உரசல்கூடப் போதும், ஸ்லைடு வேகமிழந்துவிடும்.

கேள்வி: மேலூரிலிருந்து எழுதுகிறேன். ஒரு ரவுண்டு "டப்" என்று வெடிக்காமல் "பொட்" என்று சன்னமாகச் சத்தம் கேட்டது. ஸ்லைடும் நகரவில்லை. வீடியோவில் காட்டியபடி மேகசினைத் தட்டி, ஸ்லைடை இழுத்து அடுத்ததைச் சுடப் போனேன். பக்கத்தில் நின்றவர் கையைப் பிடித்துவிட்டார். நான் செய்தது தவறா?

பதில்: உங்கள் கையைப் பிடித்தவரை வாழ்நாள் முழுக்க மறக்காதீர்கள். அந்தத் தோட்டாவில் மருந்து இல்லாமல் அல்லது நனைந்து போய், பிரைமர் மட்டும் வெடித்திருக்கும். அந்த வேகத்தில் குண்டு பேரலுக்குள் பாதி வழியில் போய் நின்றிருக்கும். பின்னாலேயே இன்னொன்றைச் சுட்டால் பேரல் வீங்கும் அல்லது கிழியும். பிஸ்டலைப் பிடித்திருப்பது உங்கள் விரல்கள்.

சத்தம் குறைந்தால், உதை குறைந்தால், ஸ்லைடு நகராவிட்டால் அதோடு நிறுத்துங்கள். தட்டி இழுப்பது அவசரச் சண்டைக்குப் பழக்குவது, ரேஞ்சில் நமக்கு அந்த அவசரம் கிடையாது. சத்தமே வராமல் சுத்தியல் மட்டும் விழுந்தால், குழலை இலக்குப் பக்கமே வைத்து 30 நொடி காத்திருங்கள். சில தோட்டா தாமதித்தும் வெடிக்கும். பிறகு மேகசினை எடுத்து, ஸ்லைடைத் திறந்து, பிரித்து, பேரலைப் பின்பக்கமாக வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெளிச்சம் தெரியவில்லை என்றால் டீலரின் ஆர்மரர், அதாவது ஆயுதம் பழுதுபார்ப்பவர்தான், உள்ளே நிற்கும் குண்டை எடுக்க வேண்டும். நீங்கள் கம்பி விட்டுக் குத்தக் கூடாது.

கேள்வி: தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்த பிஸ்டலைத் திருப்பி வாங்கினேன். தோல் உறையோடு கொடுத்திருந்தேன். போகும்முன் தேங்காய் எண்ணெய் போட்டுத்தான் அனுப்பினேன். இப்போது ஸ்லைடு பிசுபிசுக்கிறது, தோட்டா பச்சை பூத்திருக்கிறது.

பதில்: தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் கெட்டுப் பிசுபிசுக்கும், குளிரில் உறையவும் செய்யும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் முழுவதையும் துடைத்து, காயவிட்டு, ஆயுத எண்ணெய் போடுங்கள். அது கிடைக்காத ஊரில் தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை. தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைக்கும். தோல் பதனிடும் பொருளும் பித்தளையும் சேர்ந்தால் களிம்பு ஏறும். உறையில் வைத்துப் பூட்டுகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். பச்சை பூத்த தோட்டாவைத் தேய்த்துப் பளபளப்பாக்கி ஏற்றாதீர்கள். தனியே வைத்து டீலரிடம் ஒப்படையுங்கள்.

கேள்வி: ஏற்றும் சரிவு சொரசொரப்பாக இருக்கிறது. கப்பலூர் சிட்கோவில் லேத் வைத்திருக்கும் நண்பர் பஃபிங் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருகிறேன் என்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி ஆயுதம் பழுதுபார்க்கவே தனி லைசென்ஸ் வேண்டும். நண்பரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீர்கள். தொழில்முறையிலும் அது தப்பு. சரிவின் கோணம் கொஞ்சம் மாறினாலோ, சேம்பர் வாய் ஓரம் தேய்ந்தாலோ, தோட்டாவின் பித்தளைச் சுவருக்கு அந்த இடத்தில் தாங்கல் இல்லாமல் போகும். சுடும்போது அங்கே வெடித்துக் கிழியும். தேய்த்த இரும்பைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. சொரசொரப்பு நிஜம் என்றால் லைசென்ஸ் உள்ள டீலரிடம் ரசீதோடு கொடுங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவி, 25 மீட்டர் பிஸ்டல் பழகுகிறேன். புதுத் தோட்டா மாற்றியதிலிருந்து .22 அடிக்கடி சிக்குகிறது. போட்டியில் சிக்கினால் என்ன செய்வது?

பதில்: போட்டி .22 பிஸ்டல்கள் ஒலியின் வேகத்தைத் தாண்டாத தோட்டாவுக்கென்றே அமைத்தவை. அதிவேக ரகம் போட்டால் ஸ்லைடு முரட்டுத்தனமாக ஓடும். அதோடு .22 குண்டு மெழுகு பூசிய வெறும் ஈயம். அது சேம்பரிலும் சரிவிலும் படிந்துகொண்டே வரும். பயிற்சிக்குப் பயிற்சி துடைக்க வேண்டும். பெட்டி மாற்றினால் போட்டிக்கு முந்தியே ஐம்பது ரவுண்டாவது சுட்டுப் பாருங்கள்.

போட்டியில் சிக்கியதும் பிஸ்டலை இலக்குப் பக்கமே பிடித்தபடி மற்றக் கையைத் தூக்குங்கள். அதிகாரி பார்ப்பதற்குள் ஸ்லைடையோ சேஃப்டியையோ தொட்டுவிட்டால் அது ஏற்கத்தகாத கோளாறாகிவிடும், அந்த ஷாட்டுகள் போகும். சரிசெய்யக் கை பரபரக்கும். பயிற்சியிலும் தினமும் கையைத் தூக்கியே பழகுங்கள் தாயி.

கேள்வி: வீட்டில் உண்மைத் தோட்டாவை ஏற்றி இறக்கி ஸ்லைடைப் பழக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. விபத்து ஒருபுறம். அதே தோட்டா திரும்பத் திரும்பச் சரிவில் முட்டினால் குண்டு கேஸுக்குள் அமுங்கி, சுடும்போது அழுத்தம் எகிறும். பிளாஸ்டிக் டம்மி ரவுண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: போன முறை மேகசினுக்கு நம்பர் போடச் சொன்னீர்கள். நோட்டில் பார்த்தால் சிக்கிய ஏழும் 2-ஆம் நம்பர் மேகசினில்தான். உதட்டைக் குறடால் கொஞ்சம் நெருக்கிவிடலாமா?

பதில்: குறடு பக்கமே போகாதீர்கள். முதலில் மேகசினின் அடித்தகட்டைக் கழற்றி, ஸ்பிரிங் திருப்பி மாட்டியிருக்கிறதா பாருங்கள். உயர்ந்த முனை முன்பக்கம், குண்டு மூக்கு இருக்கும் பக்கம் வர வேண்டும். சுத்தம் செய்த அவசரத்தில் ஆர்மரியில் நானே ஒருமுறை மாற்றி மாட்டி, காரணம் தெரியாமல் ஒரு பகல் முழுக்க அந்தப் பிஸ்டலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஸ்பிரிங் சரியாக இருந்தால் 2-ஆம் நம்பரில் சிவப்புப் பட்டை அடித்து ஒதுக்குங்கள். அந்த நோட்டையும் கையோடு எடுத்துப் போய் டீலரிடம் காட்டி வேறு மேகசின் கேளுங்கள்.