நீலம்மை எப்படிப் பத்மநாபபுரம் போனாள்?

கேள்வி: நாங்கள் ஆறு பேர், கல்லூரி நண்பர்கள். திருவிதாங்கூரும் டச்சுக்காரர்களும் மோதிய 1741 குளச்சல் போர்க் காலத்தை வைத்து டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் சேர்ந்து கதை எழுதுகிறோம், ஆளுக்கொரு பாத்திரம். என்னுடையவள் நீலம்மை, குளச்சல் கடற்கரைப் பெண். பரீட்சைக்காக நான் சில நாள் வரவில்லை. அதற்குள் ஒற்றன் வேலப்பனை எழுதும் நண்பன், நீலம்மை சம்மதித்து அவனோடு பத்மநாபபுரம் போய்விட்டதாக எழுதிவிட்டான். வேறொரு காட்சியில் அதே மாலையில் அவள் குளச்சலில் சவரிமுத்து என்ற பாத்திரத்தோடு பேசிக்கொண்டிருக்கிறாள்! துபாய்த் தோழி வருவதற்குள் காட்சிகளே முடிந்துவிடுகின்றன. கேட்டால் சண்டை. விலகிவிடலாமா?
- வாசகி, தக்கலை

பதில்: விலக வேண்டாம். அடுத்தவர் பாத்திரத்தின் முடிவைத் தானே எழுதிவிடுவதற்கு ரோல்பிளே (இப்படி ஆளுக்கொரு பாத்திரமாகச் சேர்ந்து எழுதும் கதை) எழுதுகிறவர்கள் 'காட்மாடிங்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பெயர் வைக்கும் அளவுக்கு எல்லா இடத்திலும் நடக்கிற தப்பு அது. நண்பர் வேண்டுமென்றே செய்தார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முயற்சியை எழுதலாம், விளைவை எழுதக் கூடாது. "வேலப்பன் கையை நீட்டினான். 'வா, விடிவதற்குள் போய்விடலாம்' என்றான்." அவர் இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கையைப் பிடித்தாளா, தட்டிவிட்டாளா என்பது உங்கள் வரி. சண்டையிலும் அப்படித்தான்: வாளை ஒருவர் வீசலாம், வெட்டு விழுந்ததா என்று எதிராளிதான் எழுத வேண்டும். இதில் ஒரு சிக்கல், யாரும் தோற்க மாட்டார்கள். ஆளாளுக்கு விலகிக்கொண்டே இருந்தால் குளச்சல் போர் இந்த வருஷம் முடியாது. அதனால் பெரிய திருப்பம் எதற்கும் முன்னால், யாருக்கு அடி, யாருக்கு ஜெயம் என்று கதைக்கு வெளியே பேசிவிடுங்கள்.

அதே காரணத்தால் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவையும் டச்சுப் படைத் தலைவர் டி லனாயையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். ராஜா யார் கையில் இருக்கிறாரோ அவர் ஒரு கட்டளையில் எல்லா வம்பையும் ஜெயித்துவிடுவார். டி லனாயின் கதையோ தெரிந்ததுதான்: பிடிபட்டார், பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்தார், 1777இல் இறந்து உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். இருவரும் பின்னணியில் நிற்கட்டும்.

ஒவ்வொரு காட்சிக்கும் டிஸ்கார்டில் தனி இழை (thread) திறந்து, முதல் வரியிலேயே இடம், நாள், பொழுது, யார் யார் என்று போடுங்கள். அந்தக் காட்சி முடியும்வரை அதில் இருப்பவர் வேறு இழைக்குப் போகக் கூடாது. போனால் அது முந்தைய நாளா, மறுநாளா என்று குறிக்க வேண்டும். குளச்சலிலிருந்து பத்மநாபபுரத்துக்கு அன்றைக்கு பஸ் கிடையாது, சில மணி நேர நடை. இன்னொன்று, வேறு இழையில் நீங்கள் படித்தது நீலம்மைக்குத் தெரியாது.

துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அவர் வேலை முடிந்து எட்டு மணிக்கு உட்கார்ந்தால் இங்கே ஒன்பதரை. அவர் இருக்கும் காட்சிகளை இரவுக்கு வைத்து, எழுதும் வரிசையையும் முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு நாள் ஒருவர் வராவிட்டால் அவர் முறையைத் தாண்டிப் போகலாம். பாத்திரம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கட்டும், யாரும் நகர்த்த வேண்டாம்.

அப்புறம், நீங்கள் அனுப்பிய பகுதியில் எல்லாரும் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் சாப்பிடுகிறார்கள். ஆசை புரிகிறது, எனக்கும் நாக்கில் ஊறியது. ஆனால் மரச்சீனி இந்தப் பக்கம் ஏழை எளியவர் சாப்பாடாகப் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். இதைச் சொல்ல சவரிமுத்துவின் வாயைக் கடன் வாங்காதீர்கள். அரட்டைக்கென்று தனிச் சேனல் வைத்து அங்கே சொல்லுங்கள்.

நண்பர் விஷயமும் அப்படியே. கோபத்தில் நீலம்மையைக் கொண்டு வேலப்பனை அறைய வைக்காதீர்கள், அவரும் திருப்பி எழுதுவார். தனியாக ஒரு மெசேஜ் போதும்: "மக்கா, சீன் கொள்ளாம். ஆனா நீலம்மை என்ன சொல்லுவாண்ணு நான்தான் எழுதணும். கடைசி ரெண்டு பத்தியை மாத்துவோமா?" பெரும்பாலும் சரி என்பார். மாட்டேன் என்றால் மற்ற நால்வரிடமும் கேட்டு அந்தப் பத்திகளைக் கதையில் சேர்க்காமல் விடுங்கள். அதற்குப் பிறகும் அவர் இதையே செய்தால் வேலப்பன் இருக்கும் இழைகளுக்கு நீலம்மையை அனுப்பாதீர்கள். துபாய்த் தோழியோடு இரவில் எழுத ஒரு தனிக் காட்சி ஆரம்பியுங்கள்.