டைபீரியஸ் டெனாரியஸ்: எடை குறைவு, விளிம்பில் பச்சை

வணக்கம். 2.92 கிராம் எடையும் விளிம்பில் பச்சைப் புள்ளியும் இருப்பதால் உங்கள் டெனாரியஸ் (பழைய ரோமானிய வெள்ளி நாணயம்) போலியா என்று கேட்டிருந்தீர்கள். ரோமப் பேரரசர் டைபீரியஸ் காலத்து நல்ல டெனாரியஸ் 3.6 முதல் 3.8 கிராம் வரை நிற்கும். தேய்மானம் மட்டும் இவ்வளவு தின்னாது, அதுவும் தலையில் முடிக்கோடுகள் இன்னும் தெரியும்போது. பச்சைப் புள்ளி செம்புக் களிம்பு என்றால், செம்புக் கட்டிக்கு வெள்ளித் தகடு போர்த்தி அச்சடித்ததாக இருக்கலாம். ரோமானியர் காலத்திலேயே இந்தத் தில்லுமுல்லு உண்டு.

வீட்டிலேயே சோதிக்கலாம். 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க முக்குங்கள். உங்கள் 2.92 கிராம் நாணயத்துக்குத் தராசு 0.28 காட்டினால் வெள்ளி, 0.32 அல்லது அதற்கு மேல் என்றால் உள்ளே செம்பு. காற்றுக்குமிழ் ஒட்டினால் நல்ல வெள்ளியும் செம்பு போலக் காட்டும். எனவே தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மூன்று முறை எடுத்துப் பாருங்கள்.

பிறகு பத்து மடங்கு லென்ஸில் பச்சை இருக்கும் இடத்தைப் பாருங்கள். வெள்ளி உரிந்து ஓரம் தூக்கி நின்றால் பழைய முலாம். விளிம்பைச் சுற்றி ஒரே நேர்க்கோடு ஓடினால், பரப்பில் ஊசித்துளைகளும் இருந்தால், அச்சில் வார்த்த நவீனப் போலி.

புளி, விபூதி எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். போர்த்திய வெள்ளி தாள் போலக் கழன்று வந்துவிடும். பழைய முலாம் நாணயத்தையும் வாங்க ஆள் உண்டு, ஆனால் வெள்ளி விலைக்கு அல்ல. விற்றவரிடம் அதைப் பேசுங்கள்.