மாதத்தில் ஒரு சனிக்கிழமை: அறிவியல், கணித ஆசிரியர் வலையமைப்பு பற்றிக் கேள்வி பதில்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை அறிவியலும் கணிதமும் எடுக்கும் ஆசிரியர்களை மாநிலம் முழுக்க எப்படி இணைப்பது என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் மாவட்டத்தில் ஆர்வமுள்ள ஆசிரியர்கள் முப்பது பேர் இருக்கிறோம். முதலில் மாநில மாநாடு ஒன்று நடத்தலாமா சார்? (அறிவியல் ஆசிரியர், விழுப்புரம்)

மாநாட்டைத் தள்ளிப்போடுங்கள். முப்பது பேர் என்பது இரண்டு குறுவள மையங்களுக்கு (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் மையம்) போதுமான ஆள்பலம். ஒரு மையத்துக்கு அறிவியலுக்கு ஒருவர், கணிதத்துக்கு ஒருவர் பொறுப்பு. கல்வியாண்டில் பத்து கூட்டங்கள், எல்லாம் ஒரே கிழமையில், ஒரே இடத்தில். முதல் ஆண்டு மூன்று ஒன்றியங்களுக்கு மேல் போகாதீர்கள். 38 மாவட்டத்துக்கும் ஒருங்கிணைப்பாளர் போட்டுவிட்டுக் கீழே கூட்டமே நடக்காமல் போன அமைப்புகள் நிறைய. மூன்று ஒன்றியத்தில் பத்துக்கு எட்டு கூட்டமாவது நடந்தால், பக்கத்து ஒன்றியத்துக்காரர்கள் தாமாகவே வந்து கேட்பார்கள். மாநில அளவில் முதலில் தேவைப்படுவது நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுதான். அந்த மாதத்துக்கான சோதனைத் தாளை (வகுப்பில் செய்யும் சோதனைக்கான குறிப்பு) எழுதுவது, வரும் கேள்விகளுக்குப் பதில் தேடிக் கொடுப்பது, இந்த இரண்டும் அவர்கள் வேலை.

குறுவள மையக் கூட்டம் ஏற்கெனவே நடக்கிறது. சுற்றறிக்கை வாசிப்பதிலும் படிவம் நிரப்புவதிலும் பாதி நாள் போய்விடுகிறதே? (கணித ஆசிரியை, தருமபுரி)

நிர்வாகத் தகவல்களைக் கடைசி அரை மணிக்குத் தள்ளுங்கள் டீச்சர். தொடக்கத்தில் வைத்தால் அது விழுங்கிவிடும். மூன்று மணி நேரம் கிடைத்தால், முதல் அரை மணி போன மாதச் சோதனை வகுப்பில் எப்படிப் போனது என்பதற்கு. ஒவ்வொருவரும் ஒரு மாணவர் நோட்டையாவது கொண்டுவர வேண்டும். அடுத்த ஒன்றரை மணி இந்த மாதச் சோதனையை ஆசிரியர்களே நான்கு நான்கு பேராக உட்கார்ந்து கையால் செய்து பார்ப்பதற்கு. பிறகு அரை மணி, பதில் தெரியாத கேள்விகளை எழுதுவதற்கு. மாணவர் நோட்டு இல்லாமல் நடக்கும் கூட்டம் இரண்டே மாதத்தில் வெறும் பேச்சாகிவிடும். வகுப்பில் எதுவும் செய்யாமலே வந்து உட்கார முடியும் என்று ஆகிவிடுகிறது, அதுதான் காரணம்.

மாநிலக் கருத்தாளர் (பயிற்சி தருபவர்), மாவட்டக் கருத்தாளர், ஒன்றியக் கருத்தாளர் என்று அடுக்கடுக்காகப் பயிற்சி கொடுக்கிறோம். கீழே வரும்போது சாரமே இல்லை. (ஆசிரியர் பயிற்றுநர், மதுரை)

மேலே ஐந்து நாள், நடுவில் மூன்று நாள், கீழே ஒரு நாள் என்று நாள் குறையும்போது முதலில் கழிவது கைவேலைதான். படவிளக்கக் காட்சி மட்டும் மிஞ்சும். ஒரு விதி வைத்தால் போதும்: தன் வகுப்பில் மாணவர்களோடு அந்தச் சோதனையைச் செய்துபார்க்காதவர் அதற்குக் கருத்தாளராக நிற்கக் கூடாது. கருத்தாளர் எண்ணிக்கை பாதியாகக் குறையும், குறையட்டும்.

பெட்டி நிறைய உபகரணம் வந்தது. பீரோவில்தான் இருக்கிறது. (தலைமையாசிரியர், சிவகங்கை)

இரண்டு காரணங்கள் ஐயா. பள்ளிக்கு ஒரே செட் வந்தால் ஆசிரியர் மேசையில் செய்துகாட்டத்தான் முடியும். 40 மாணவர், குழுவுக்கு நான்கு பேர் என்றால் 10 செட் வேண்டும், உடைசலுக்கு 2 சேர்த்து 12. விலையுயர்ந்த நுண்ணோக்கி ஒன்றைவிட, கைலென்ஸ் 12, டார்ச் பல்பு 24, வட்டக் காந்தம் 24 வகுப்புக்குப் பயன்படும்.

இன்னொன்று, இருப்புப் பதிவேடு. உடைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற பயம் நியாயமானது. தீரும் பொருளுக்கும் உடையும் பொருளுக்கும் தனிப் பதிவேடு போடுங்கள். பல்பு, மின்கலம், சோதனைக்குழாய், பலூன் எல்லாம் அதில். பருவம் ஒருமுறை நீங்கள் கையெழுத்திட்டுக் கழித்துவிடலாம் என்பதை மாவட்ட அளவில் எழுத்தில் வாங்கி, எல்லாப் பள்ளிக்கும் நகல் கொடுக்க வேண்டும். ஒரு பள்ளி தனியாகக் கேட்டால் கிடைக்காத உத்தரவு இது. அமைப்பாகக் கேட்டால் கிடைக்கும்.

கூடவே ஒரு சின்னக் குறிப்பு: எல்.இ.டி.யை 9 வோல்ட் மின்கலத்தில் நேராகச் சொருகினால் நொடியில் போய்விடும். 470 ஓம் மின்தடை ஒன்றைத் தொடரில் போடுங்கள். லிட்மஸ் தாள் தீர்ந்தால் செம்பருத்திப் பூவைக் கொதிநீரில் போட்ட சாறு போதும். எலுமிச்சையில் சிவக்கும், சோப்பு நீரில் பச்சை ஓடும். அன்றன்று எடுத்த சாறுதான் சரி, வைத்தால் கெட்டுவிடும்.

எல்லாம் அறிவியலுக்கே இருக்கிறது. கணக்குக்கு என்ன செய்வது? (பட்டதாரி ஆசிரியை, திருவாரூர்)

ஒரே ஒரு கேள்வியை எல்லாப் பள்ளியிலும் கேட்பதில் தொடங்குங்கள். 0.35, 0.4 இரண்டில் எது பெரியது? 7ஆம் வகுப்பிலும் பலர் 0.35 என்பார்கள், 35 நான்கைவிடப் பெரிதல்லவா! விடை தப்பு என்று சுழித்தால் எதுவும் மாறாது. 10க்கு 10 கட்டம் போட்ட இரண்டு தாள் கொடுத்து, ஒன்றில் 35 கட்டமும் மற்றதில் நான்கு முழு வரிசையும் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். நான்கு வரிசை 40 கட்டம் என்று எண்ணும்போது பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். இதேபோல் 1/2 + 1/3 = 2/5 என்று போடும் பிள்ளைக்கு 12 கட்டத் தாள்பட்டை: பாதி 6, மூன்றில் ஒன்று 4, கூட்டினால் 12இல் 10, அதாவது 5/6. மாதம் ஒரு தவறு என்று பத்து தவறுகளை எடுத்தால், ஆண்டு முடிவில் மாநிலத்துக்கே பயன்படும் தொகுப்பு கையில் இருக்கும்.

மாநிலம் முழுக்கச் சேர்ந்து ஒரே நாளில் செய்யக்கூடிய சோதனை ஏதாவது உண்டா? (அறிவியல் இயக்கத் தோழர், தூத்துக்குடி)

உண்டு தோழர், எனக்கு மிகவும் பிடித்தது இது. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினத்தன்று நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கண்டுபிடிப்பது. கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்த அதே கணக்கு.

1 மீட்டர் குச்சியைச் சமதரையில் செங்குத்தாக நிறுத்துங்கள். 12 மணி முதல் 12.50 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைச் சாக்பீஸால் குறியுங்கள். மிகக் குட்டையான நிழல்தான் உச்சி நிழல். கடிகாரத்தில் 12 அடித்ததும் அளப்பது தப்பு. அன்று உச்சி சென்னையில் 12.20ஐ ஒட்டியும் கன்னியாகுமரியில் 12.30 தாண்டியும் வரும். சென்னையில் நிழல் சுமார் 39 செ.மீ., கன்னியாகுமரியில் 29 செ.மீ. கோணமாக மாற்றினால் ஏறக்குறைய 21 பாகை, 16 பாகை. வித்தியாசம் 5 பாகை. இரண்டு ஊருக்கும் வடக்கு-தெற்குத் தொலைவு சுமார் 555 கி.மீ. 555ஐ 5ஆல் வகுத்து 360ஆல் பெருக்கினால் 39,960 கி.மீ. உண்மை அளவு சுமார் 40,000.

எங்கே பிசகும் என்றால், குச்சி ஒரு பாகை சாய்ந்தாலே நிழல் 2 செ.மீ. வரை மாறும். வித்தியாசம் 6 பாகையாகிச் சுற்றளவு 33,300க்கு இறங்கிவிடும், 4 ஆனால் 50,000 தொடும். நூலில் கல் கட்டித் தூக்குக்குண்டாக்கி, இரண்டு பக்கமிருந்தும் பாருங்கள். சாலைத் தொலைவைப் போடாதீர்கள், சென்னை-கன்னியாகுமரி சாலை 700 கி.மீ.யை நெருங்கும். ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்றும் எடுக்கக் கூடாது. அந்த 111 பூமியின் சுற்றளவிலிருந்து வந்த எண், விடையை வைத்தே விடையைக் கண்டுபிடித்ததாகிவிடும். நிலப்படத்தில் இரண்டு ஊர் வழியாகவும் கிழக்கு-மேற்காகக் கோடு போட்டு, இடைவெளியை அளவுகோலால் அளக்க வேண்டும்.

50 கி.மீ. தள்ளியுள்ள இரண்டு பள்ளிகள் செய்தால் வித்தியாசம் அரைப் பாகைகூட வராது, அளவுப் பிழையே அதைவிடப் பெரிது. திருவள்ளூர்ப் பிள்ளையின் அளவு நாகர்கோவில் பிள்ளைக்குத் தேவைப்படுகிறது. இதுக்குத்தான் மாநில அளவில் அமைப்பு வேண்டும் என்கிறேன்.

வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். காலை வணக்கமும் ஃபார்வர்டும்தான் வருகிறது. (கரூர்)

பாடத்துக்கு ஒரு குழு, கேள்வி அல்லது மாணவர் நோட்டுப் படம் மட்டும். கேள்விக்கு மூன்று நாளில் பதில் சொல்ல இந்த வாரம் யார் என்று பெயர் போட்டு முறை வையுங்கள். பதில் வராத கேள்வி கிடந்தால் அடுத்த கேள்வி வராது.

வானவில் மன்றம், குழந்தைகள் அறிவியல் மாநாடு எல்லாம் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு? (வட்டாரக் கல்வி அலுவலகப் பணியாளர், சேலம்)

இன்னொரு திட்டம் வேண்டாம், இருப்பவற்றைக் கோக்கும் கூட்டம்தான் வேண்டும். 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றத்தில் கருத்தாளர் பள்ளிக்கு வந்து சோதனை செய்துகாட்டுகிறார். அவர் போன பிறகு ஆசிரியர் அதைத் தொடர மாதக் கூட்டம் உதவும். 1993 முதல் நடக்கும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வுத் தலைப்பும் அங்கேயே பிறக்கலாம்.

அதிகாரி மாறினால் எல்லாம் நின்றுபோகுமே? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கோவை)

போகக்கூடும் அம்மா. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கியது, 1978இல் மாவட்டம் முழுக்கப் பரவியது. மாதக் கூட்டம், உபகரணப் பெட்டி, புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வு, செய்முறைத் தேர்வு எல்லாம் இருந்தது. முப்பது ஆண்டு ஓடிய அதை 2002இல் அரசு நிறுத்தியது. அதனால் மூன்று விஷயத்தை அரசாணைக்கு வெளியே வையுங்கள்: சோதனைத் தாள்கள் ஆசிரியர்கள் கையில், கேள்வித் தொகுப்பு பொதுவில், கூட்டத் தேதி ஆசிரியர்கள் முடிவில். தேர்வை மட்டும் விடாமல் அரசிடம் கேட்டுக்கொண்டே இருங்கள். வினாத்தாள் மனப்பாடத்தைக் கேட்கும்வரை சோதனைக்கு நேரம் ஒதுக்கும் ஆசிரியர் தனியாள்தான்.

நாங்கள் மலைப்பள்ளி. கீழே கூட்டத்துக்கு வந்தால் திரும்பப் பேருந்து இல்லை. (ஏற்காடு)

கூட்டத்தை உங்கள் கடைசிப் பேருந்துக்கு ஒரு மணி முன்பே முடிக்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் என்று முன்பு சொன்னதற்கு விலக்காக, ஆண்டில் இரண்டு கூட்டமாவது மேலே உங்கள் பள்ளியில் நடக்கட்டும். உபகரணப் பெட்டியை அன்றே அங்கே விட்டுவிட்டு வரலாம்.