நைட்ரஜனை மின்வேதி முறையில் அம்மோனியாவாக்க, கேடலிஸ்ட்டில் (வினையூக்கியில்) எந்தத் தனிமத்தை டோப் செய்யலாம், அதாவது சிறிதளவு கலக்கலாம்?

பிஎச்டி ஆரம்பத்தில் இருப்பீர்கள், கையில் ஓர் ஆக்சைடோ கார்பனோ இருக்கும், "எதையாவது டோப் செய்து பார்" என்று கைடு சொல்லியிருப்பார். சரிதானே? அப்படியென்றால் முதலில் ஒன்று: எதை டோப் செய்தாலும் நைட்ரஜன் வேண்டாம்.

எனக்குக் கிடைத்தது நைட்ரஜன் டோப் செய்த கார்பன். நைட்ரஜன் வாயுவை விட்டு செல்லை ஓட்டினால் அம்மோனியா இருந்தால் நீலமாகும் இண்டோபீனால் சோதனையில் பளிச்சென்று நீலம், 655 நானோமீட்டரில் அழகான பீக். உடனே பேப்பர் எழுதச் சொன்னார்கள். ஆர்கானில் ஓட்டிப் பார்க்காமல் எழுத மாட்டேன் என்று நின்றேன். ஆர்கானிலும் ஏறக்குறைய அதே நீலம்! வாயுவில் நைட்ரஜனே இல்லை, அப்புறம் அம்மோனியா எங்கிருந்து வரும்? கேடலிஸ்ட்டின் உடம்பிலிருந்துதான். அதே எலக்ட்ரோடைத் திரும்பத் திரும்ப ஓட்ட, நிறம் வெளிறிக்கொண்டே போனது. பேப்பர் போயிற்று. லேபில் சிலருக்கு என்மேல் இன்னும் வருத்தம் உண்டு, எனக்கு இல்லை.

"அப்போ டோப்பிங்கே வீண் என்கிறாயா?" என்று யாராவது கிளம்பி வருவதற்குள் சொல்லிவிடுகிறேன், அப்படிச் சொல்லவில்லை. போரானின் காலி ஆர்பிட்டால் நைட்ரஜனின் தனி ஜோடி எலக்ட்ரான்களை ஏற்கும். டைட்டானியம் டைஆக்சைடில் ஓர் ஆக்சிஜன் வெளியேறிக் காலியிடம் உண்டானால், அது விட்டுப்போன எலக்ட்ரான்களால் பக்கத்து டைட்டானியம் மூன்று பிளஸ் நிலைக்கு இறங்கும். அந்த எலக்ட்ரான்கள் நைட்ரஜனின் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குள் போனால் மோலுக்கு 941 கிலோஜூல் வலுவுள்ள அதன் பிணைப்பு தளரும். கணக்கெல்லாம் சரி. ஆனால் செல் முழுக்கத் தண்ணீர், கரைந்திருக்கும் நைட்ரஜனோ லிட்டருக்கு ஒரு மில்லிமோல்கூடக் கிடையாது. அந்தக் காலியிடத்தில் முதலில் வந்து உட்காருவது ஹைட்ரஜன்.

காலியிடம் இருப்பதற்குச் சான்றாகக் காட்டும் இபிஆர் (ஜோடியில்லாத எலக்ட்ரானைக் கண்டறியும் கருவி) சிக்னலும் பெரும்பாலும் ஓட்டுவதற்கு முந்தைய காய்ந்த பவுடருடையதுதான். ஓட்டிய பிறகு எடுக்கலாம்தான், ஸ்லாட் கிடைத்தால்! செல்வாக்குள்ள குழுக்களின் சாம்பிள் முன்னால் போகும். எங்கள் சாம்பிள் வரிசையில் கிடந்து, காற்றில் ஆக்சிஜனை வாங்கிக் குறையெல்லாம் தீர்ந்த பிறகு உள்ளே போகும். இதைக் கேட்க நாதியில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். நான் என்றால் போரான், இல்லாவிட்டால் மாலிப்டினம் டைசல்பைடில் கந்தகக் காலியிடம். டோப் செய்ய நைட்ரேட் உப்பு வேண்டாம், குளோரைடு எடுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் துளி நைட்ரேட்கூட, நைட்ரஜன் வாயுவைவிட வெகு சுலபமாக அம்மோனியாவாகிவிடும். செல்லின் இரு பக்கத்தையும் பிரிக்கும் நாஃபியான் மெம்பிரேனும் அம்மோனியத்தைப் பிடித்துவைத்து அடுத்த ஓட்டத்தில் விடும். ஆர்கானில் ஒன்று, மின்சாரம் இல்லாமல் ஒன்று என்று இரண்டு பிளாங்க் (ஒப்பீட்டு ஓட்டம்) கட்டாயம். கடைசியாக, நைட்ரஜன்-15 என்ற கனமான ஐசோடோப் வாயுவை விட்டு ஓட்டுங்கள். கிடைத்த அம்மோனியாவின் ஹைட்ரஜன் என்எம்ஆர் நிறமாலையில் மூன்று கோடு வந்தால் சாதாரண நைட்ரஜன், இரண்டு கோடு வந்தால் 15. அந்த சிலிண்டரிலேயே 15 கொண்ட அம்மோனியாவும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கலந்திருக்கலாம், அதனால் வாயுவைச் சுத்தம் செய்துதான் விட வேண்டும். 2019இல் நேச்சர் இதழில் வந்த சோதனை நெறிமுறை இதைத்தான் வலியுறுத்துகிறது.

இல்லை, எனக்கு அம்மோனியாதான் வேண்டும் என்றால் டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரிமக் கரைப்பானில், படியவைத்த லித்தியத்தை நைட்ரஜனோடு வினைபுரிய விடும் வழி இருக்கிறது, ஐசோடோப் சோதனையிலும் நின்ற முறை. அதில் டோபன்ட்டுக்கு வேலையே இல்லை. உங்கள் கைடு ஒத்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.