ஹவுஸ் ஓனரிடம் இருக்கும் இன்னொரு சாவி

சட்டம் கேளுங்கள் – வாசகர் கேள்விகளுக்கு வேலூர் வழக்கறிஞர் பதில்

கேள்வி: தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். காட்பாடி காந்தி நகரில் ஒரு மாடி போர்ஷனில் நானும் தோழியும் குடியிருக்கிறோம். வாடகை 8,000 ரூபாய், அட்வான்ஸ் 50,000. நைட் ட்யூட்டி முடிந்து வந்தால் உள்ளே காயப்போட்ட துணி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அலமாரி திறந்து கிடக்கிறது. 'உரிமையாளர் எந்த நேரமும் பார்வையிடலாம்', 'காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டுக்குப் பிடிக்கப்படும்', 'உறவினர் தங்க அனுமதி வேண்டும்' என்றெல்லாம் அக்ரிமெண்டில் இருக்கிறது. கேட்டால், "கையெழுத்து போட்டுட்டுத்தானே வந்தீங்க?" என்கிறார் ஓனரம்மா. மோட்டார் சுவிட்ச் அவர் வீட்டில் இருப்பதால் எதிர்த்துப் பேசவும் பயம். என்ன செய்யலாம், மேடம்?

– ஒரு வாசகி, காட்பாடி

பதில்: தங்கச்சி, கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்பதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. சட்டம் தடுப்பதை அக்ரிமெண்டில் எழுதி இருவரும் ஒப்புக்கொண்டாலும் அது செல்லாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. என் மேசைக்கு வருகிற அக்ரிமெண்டுகளில் பல, பழைய ஒன்றைப் பார்த்துப் பேரையும் வாடகையையும் மட்டும் மாற்றி டைப் அடித்தவை. அதிலுள்ள நிபந்தனைகளை இரண்டு பக்கமும் படித்திருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் வாடகைக்கென்று 2017-இல் இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஓனர் உள்ளே வர வேண்டுமானால், குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். எதற்கு வருகிறார், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அதில் இருக்க வேண்டும். நேரமும் காலை 7 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில்தான். தீ, வெள்ளம் போன்ற அவசரத்துக்கு மட்டும் விலக்கு. ஆக, 'எந்த நேரமும்' என்ற அந்த வரி நிற்காது.

துணியை மடித்தது பிரியத்தில்தான் என்று ஓனரம்மா சொல்லக்கூடும். இருக்கட்டும். ராத்திரி முழுக்க வார்டில் நின்றுவிட்டு வருகிற பெண், அலமாரியை யார் திறந்தார்கள் என்ற யோசனை இல்லாமல் படுக்க வேண்டும். எனக்கு இதில் முக்கியம் அதுதான்.

முதலில் வாட்ஸ்அப்பில் மரியாதையாக எழுதுங்கள்: "அம்மா, நாங்க இல்லாதப்ப உள்ள வர வேண்டாம். ரிப்பேர்னா ஒரு நாள் முன்னாடி சொல்லுங்க, இருந்து திறந்து விடறோம்." வாயால் சொன்னதற்கு நாளைக்குச் சாட்சி இருக்காது. அப்புறம், தாழ்ப்பாளில் உங்கள் சொந்தப் பூட்டைப் போடுங்கள். கதவைத் துளைத்துப் புதிதாக எதுவும் பொருத்த வேண்டாம். அவர் தந்த பூட்டைப் பத்திரமாக வைத்திருந்து, காலி செய்யும்போது கொடுத்துவிடுங்கள்.

மோட்டார் விஷயத்தில் பயப்படாதீர்கள். தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு எதையும் ஓனர் நிறுத்தக் கூடாது என்று சட்டத்தில் வெளிப்படையாகவே இருக்கிறது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். விசாரணை முடியும் முன்பே தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. வேலூர் மே மாத வெயிலில் அந்த உத்தரவின் அருமை தெரியும். குழாயில் தண்ணீர் வராததைத் தேதி தெரியும்படி வீடியோ எடுத்து வையுங்கள்.

பெயிண்ட் பற்றி: சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச் போன்றவை உங்கள் பொறுப்பு. சுவரை நீங்கள் பாழாக்கியிருந்தால் மட்டும் பிடித்தம் நியாயம். குடிவந்த அன்று எடுத்த போட்டோ ஏதாவது இருந்தால் அழித்துவிடாதீர்கள்.

அட்வான்ஸில் நீங்கள் ஆசைப்படும் பதில் என்னிடம் இல்லை. மூன்று மாத வாடகைதான் வரம்பு, உங்களுக்கு 24,000. ஆனால் இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் கூடுதலாக வாங்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. புதுப்பிக்கும்போது குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நீங்கள் தர வேண்டிய பாக்கி போக, மீதியைத் திருப்பித் தந்தாக வேண்டும்.

உறவினர் தங்குவது பேசித் தீர்க்க வேண்டியது. அம்மா, அப்பா வந்து சில நாள் தங்க அனுமதி தேவையில்லை என்று அடுத்த அக்ரிமெண்டில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

அக்ரிமெண்ட் வாடகை அதிகாரியிடம் பதிவாகி எண் வந்திருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இல்லையென்றால் மனு எழுத உட்காரும் முன் அந்த வேலையை முடியுங்கள், ஆன்லைனிலேயே செய்யலாம்.